ஆசிரியர் பெயர் நீக்கப்பட்டது

கடன் கட்ட முடியாது என்று ஒரு நாடு அறிவிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அந்த நாட்டில் யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். ஓர் அமைச்சராக இருக்கலாம், ஒரு செயலராக இருக்கலாம், மத்திய வங்கியின் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியாக இருக்கலாம். என் வேலைக்காலத்தில் பாதியை அந்த ஒருவரைத் தேடியே கழித்தேன். தெரிந்த பிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவரிடம் கேட்பதுதான் என் ஆராய்ச்சி.

எங்கள் பழைய பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் வேறொன்றைக் கேட்டிருந்தீர்கள். நெருக்கடியை முன்கூட்டிக் கணிப்பது எப்படி, எந்தத் தரவை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். நான் சரியாகக் கணித்துவிட்டு, சொல்லாமல் இருந்த ஒரு நான்கு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். இதை எழுத உட்கார்ந்து, நாலு முறை எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இந்த விஷயத்தை உட்கார்ந்தபடி என்னால் நினைக்க முடியவில்லை.

நான் உத்திரமேரூர்க்காரி. கணவர் இங்கே அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அதனால் ஊரில் எனக்கு ‘வாத்தியார் வூட்டம்மா’ என்றுதான் பெயர். பொருளாதாரம் படித்தவள், இந்த ஊர்க்காரி என்று தெரிந்தால் வெளியூர்க்காரர்கள் உடனே குடவோலைக் கல்வெட்டைப் பற்றிக் கேட்பார்கள். நான் அந்தக் கோயில் வழியாகக் காய்கறி வாங்கப் போவேன், அவ்வளவுதான். காலை பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை, சாயங்காலம் அதே வழியில் திரும்புவது. இருபத்தாறு வருடம் அப்படிப் போய் வந்தேன்.

அலுவலக வேலை அப்போதும் இப்போது மாதிரிதான். வெளிநாடுகளின் கடன் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை எழுதுவோம். வங்கிகள் சந்தா கட்டி வாங்கும். எந்த நாட்டோடு வியாபாரம் செய்பவர்களுக்குக் கடன் கொடுத்து ஆதரவு தரலாம், எந்த நாட்டிலிருந்து பணம் திரும்பி வராது என்று எங்கள் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வார்கள். முதல் பக்கத்தில் ஆசிரியரின் பெயர் இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு மேலே ஒரு மூத்த ஆய்வாளர் இருந்தார். ஒரு நாட்டின் வரவுசெலவு அறிக்கையை அரைமணி நேரம் புரட்டிவிட்டு, “இவங்க அரிசியைக் குறைச்சுட்டாங்க, அடுத்து மருந்தைக் குறைப்பாங்க” என்று சொல்லக்கூடியவர். அவர் ஒரு நாட்டைப் பற்றி, ஓராண்டுக்குள் கைவிரித்துவிடும் என்று எழுதினார். ஓராண்டு ஆயிற்று. அந்த நாடு எங்கிருந்தோ புதுக் கடன் வாங்கி நிமிர்ந்து நின்றது. சந்தாதாரர்கள் சிரித்தார்கள், இரண்டு வங்கிகள் விலகின. அவரை நூலகப் பொறுப்புக்கு மாற்றினார்கள். மூன்றாம் ஆண்டு, அவர் எழுதிய அதே காரணங்களுக்காக, அவர் எழுதிய அதே வரிசையில் அந்த நாடு சரிந்தது. நான் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். அவர் நிதானமாகப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தேதி தப்பு. அதனால நான் தப்பு,” என்றார். பிறகு, “மத்த எல்லா நிறுவனமும் அந்த நாடு நல்லா இருக்குன்னுதான் எழுதிச்சு. எழுதினவங்கள்ல யாராவது நூலகத்துல உக்காந்திருக்காங்களான்னு விசாரிச்சுப் பாரு.”

அவர் மனம் நொந்து சொன்னார். நான் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டேன். அது எனக்குள் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று தெரியப் பல வருடம் ஆயிற்று.

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் என் சொந்த ஆராய்ச்சியைத் தொடங்கினேன். கைவிரித்த நாடுகளின் முன்னாள் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் தேடிப்பிடித்துப் பேசினேன். பெரும்பாலும் ஒரே கதைதான். கட்ட முடியாது என்று அறிவிப்பவரின் நாற்காலி அந்த அறிவிப்போடு போய்விடும். அதனால் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு தவணை என்று, அதிக வட்டிக்குப் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனைக் கட்டிக்கொண்டே போவார்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட விழும் பள்ளம் ஆழமாகும். விழுபவர்கள் மட்டும் வேறு யாரோ. திரும்பிப் போக ஒரு கல்லூரி வேலையோ குடும்பத் தொழிலோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்காலியைத் தவிர வேறு கதி இல்லாதவர்கள் கடைசி நாள் வரை சொல்லவில்லை.

அப்படிச் சொல்லாதிருந்த ஒரு முன்னாள் நிதிச் செயலரிடம் காணொளியில் பேசினேன். தொலைதூரத் தீவு ஒன்றில், ஒரு சிறிய வீட்டில் இருந்தார். பதினோரு மாதம் முன்பே தெரியும் என்று தானாகவே சொன்னார்.

“பதினோரு மாதம் எப்படி உங்களால் சும்மா இருக்க முடிந்தது?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. “உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் உங்கள் அறிக்கைகளில் எழுதிவிடுகிறீர்களா, அம்மா?” என்று கேட்டார்.

“எழுதுகிறேன்,” என்றேன். எனக்குச் சுருக்கென்றது. பேட்டியைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஒரு சிறிய நாட்டை என்னிடம் கொடுத்தார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் வெளியிட்ட எண்கள் பார்க்க அடக்கமாகத்தான் இருந்தன. ஆனால் அங்கே கடன் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரி சத்தமில்லாமல் வேலையை விட்டு, ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்தப் போயிருந்தார். அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேர் வெளிநாட்டில் படிக்க விடுப்பு எடுத்திருந்தார்கள். போக இடம் இருப்பவர்கள்தான் முதலில் போவார்கள் என்று என் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியவளே நான்தான். அதன்பிறகு எண்களைத் தோண்டினேன், எல்லாம் வெளியே வந்தது. மார்ச் மாதக் கடைசியில் எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த வருடத்துக்குள் கைவிரித்துவிடுவார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் வரைவை இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை. என் அம்மா இறந்தபோது உத்திரமேரூர் வரை பஸ்ஸில் வந்தவர்.

“வேதா, நீங்க சொல்றது நடக்கும்னே வெச்சுக்கலாம். வேற யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்ல சார்.”

“நாம மொதல்ல சொல்லி நடந்துச்சுன்னா, நாமதான் பயத்தக் கெளப்பிட்டோம்பாங்க. நடக்கலேன்னா சிரிப்பாங்க. ரெண்டுலயும் அடி நமக்கு. எல்லாரும் சொல்லும்போது சேந்து சொல்லிக்கலாமே. ஒரு மூணு மாசம்தானே?” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “டைரக்டர் போஸ்ட்டுக்கு உங்க பேரு மேல போயிருக்கு. இந்த நேரம் பார்த்து எதுக்கு?” என்றார்.

அவர் அதைப் பிரியமாகத்தான் சொன்னார். நான் யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. என் மேசைக்கு வந்து கடைசி வாக்கியத்தை மாற்றினேன். ‘இந்த ஆண்டுக்குள் தவணைகளை நிறுத்தும் வாய்ப்பே அதிகம்’ என்று இருந்ததை, ‘அழுத்தம் தென்படுகிறது, எனினும் குறுகிய காலத்தில் சமாளிக்கக்கூடியதே’ என்று ஆக்கினேன். அந்த ‘எனினும்’ நானே போட்டது. அவர் அதைக் கேட்கவில்லை. வாக்கியம் நன்றாக அமைய வேண்டும் என்று போட்டேன்.

ஏப்ரலில் அறிக்கை வெளியானது. அதிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. செங்கல்பட்டு நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து வேறு பெட்டிக்கு மாறுவேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். கணவர், “ஒனக்கு இன்னா ஆச்சு? எத தேடிக்கினே கீற?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல, வேல ஜாஸ்தி,” என்றேன்.

இந்த இடத்தில் நூர்ஜஹானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பத்தோடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கணவர் இறந்த பிறகு, அவர்களுடைய ரைஸ் மில்லை அவளே எடுத்து நடத்தினாள். உத்திரமேரூரில் இருந்து புழுங்கல் அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சென்னைக்குப் போய், துறைமுகத்து ஏஜெண்டு அலுவலகங்களில் நின்று நின்று கற்றுக்கொண்டாள்.

மே மாதம் ஒருநாள் பஸ் நிலையத்தருகே ஸ்கூட்டரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“வேதா, நில்லுடி. ஒன் வேலைல ஒரு வெசயம் கேக்கணும்.” அந்த நாட்டின் பெயரைச் சொன்னாள். “அங்க ஒரு பார்ட்டி அரிசி கேக்கறான். நல்ல வெல குடுக்கறான். கப்பல் ஏறி தொண்ணூறு நாள்ல பணம். அவன் பாங்க்கே பொறுப்புன்னு எழுதித் தருது. அந்த நாடு எப்டி கீது?”

வெயிலில் நின்றிருந்தோம். பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. எனக்கு அந்த ஹாரன் உதவியாக இருந்தது.

“எங்க ரிப்போர்ட்டு ஒன் பாங்க்ல இருக்கும் நூரு. அதக் கேட்டுப் பாரு,” என்றேன்.

“அதுல இன்னா போட்டுக்கீது?”

“நான் தனியா சொல்லக் கூடாதுடி, ரூலு.”

“ஓ, ஆமால்ல,” என்றாள். “பெரிய எடத்துல கீற, நான் கேட்டதே தப்பு.” சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள்.

விதி உண்மைதான். வெளியிடாத கருத்தைத் தனியாக ஒருவரிடம் சொல்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் வெளியிட்டதிலேயே என் கருத்து இல்லை. அந்த விதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதை பஸ் வாலாஜாபாத் சாலையைத் தாண்டுவதற்குள்ளேயே உணர்ந்தேன். உணர்ந்துவிட்டு அலுவலகம் போய் வேலை பார்த்தேன். ஜூன் போயிற்று. மூன்று மாதம் என்று தலைவர் சொன்ன கெடுவும் முடிந்தது. அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க மில்லுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நூர்ஜஹான் எழுந்து ஓடிவந்தாள்.

“வாடி, வா. ஒன் பேரப் பாத்தேன்டி!”

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எங்கள் அறிக்கையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். காஞ்சிபுரத்தில் அவளுடைய வங்கிக் கிளை மேலாளர் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். என் பெயருக்குக் கீழே நீல மையில் நூர்ஜஹான் ஒரு கோடு போட்டிருந்தாள். கடைசி வாக்கியத்துக்குக் கீழே மேலாளர் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

“மேனேஜரு மொதல்ல யோசிச்சிகினே இருந்தாரு. அப்பால இதக் காட்டி, ‘இவங்களே சமாளிக்கலாம்னு போட்டுட்டாங்க, தைரியமா பண்ணுங்கம்மா’ன்னாரு. இவ என் கூடப் படிச்சவன்னேன். மனுசன் எழுந்து நின்னுட்டாரு. ரெண்டு லோடு போயிட்ச்சி. மூணாவது லோடு நாளான்னிக்கு. இது பெருசு.”

வெளியே மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுபவர்களின் எண்ணும் குரல் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

“நெல்லு எங்க புடிச்ச?” என்று கேட்டேன்.

“புள்ளலூரு பக்கம். பாதிப் பணம் குடுத்துக்கீறேன், மீதி கப்பல் பணம் வந்ததும். எல்லாம் பழகுனவங்க, நம்பிக் குடுக்கறாங்க. இன்னாடி, மொகம் ஒரு மாரி கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?”

என் முன்னால் இருந்த வழிகள் எல்லாம் கோணலானவை. இவளிடம் மட்டும் சொன்னால், அதே காகிதத்தை நம்பி அனுப்பிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத மில்காரர்களுக்கு யார் சொல்வது? சொல்லாமல் எழுந்து போனால் நாளை மறுநாள் லாரி கிளம்பிவிடும். முறைப்படி அலுவலகத்தில் பேசினால், திருத்தத்துக்கு ஒப்புதல் தரும் கமிட்டி கூடுவதற்கே இரண்டு வாரம் ஆகும்.

“நூரு, அந்த லோட ரெண்டு நாளு நிறுத்தி வெய்யி,” என்றேன்.

“ஏன்?”

“ஏன்னு கேக்காத.”

“கப்பல்ல எடம் புடிச்சாச்சிடி. வுட்டா கட்டுன காசு போச்சி.”

“போவட்டும்.”

அவள் சிரிப்பு மெதுவாகப் போனது. காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வெளியே போனாள். “ஏத்தாதீங்க, நிறுத்துங்க,” என்று சொல்வது கேட்டது.

மறுநாள் காலை தலைவர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். அவர் எதிர்பார்த்த மாதிரியே பேசினார். நாளைக்கே முடியாது, கமிட்டி இருக்கிறது, இரண்டு வாரம் கொடுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. டைரக்டர் நேர்காணல் அந்த இரண்டு வாரத்துக்குள் வந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு பிரிவு உண்டு. யாரும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அறிக்கை வெளியான பிறகும் ஆசிரியர் தன் பெயரை விலக்கிக்கொள்ளலாம். அப்படி விலக்கினால் அன்றே சந்தாதாரர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கமிட்டி வேண்டாம். நான் மேசைக்கு வந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கடைசி வாக்கியம் என் முடிவு இல்லை, என் முடிவு மார்ச் மாதமே வேறாக இருந்தது, அதை மாற்றியவள் நான்தான், என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதினேன். ஒரு மில்காரருக்கு லோடை நிறுத்தும்படி நேற்று சொன்னேன், அது விதிமீறல் என்பதையும் எழுதினேன். அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தார். “இது உங்களுக்கு நல்லதில்ல வேதா,” என்றார்.

“தெரியும் சார்.”

“எனக்கும் நல்லதில்ல.”

அவருக்கு இரண்டு வருடத்தில் ஓய்வு, அதற்கு மேல் நீட்டிப்புக் கிடைக்கும் என்று காத்திருந்தார். நான் பேட்டி கண்டவர்களின் வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தார், நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேர் பொறுப்பிலும் ஒரு நாடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வரி எல்லா வங்கிகளுக்கும் போயிற்று. ‘இந்த அறிக்கையிலிருந்து ஆசிரியர் பெயர் அவரது வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது.’ நான்கு மணிக்குள் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். கடைசி வாக்கியத்தை நான் நம்பவில்லை என்ற ஒன்றை மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொன்னேன். அந்த வாரமே பல வங்கிகள் அந்த நாட்டுக்கான ஆதரவை நிறுத்தின. நூர்ஜஹானின் மூன்றாவது லோடு உள்ளூரில் குறைந்த விலைக்குப் போயிற்று. எனக்கு விதிமீறலுக்காக ஒரு கண்டனக் கடிதம் வந்தது. டைரக்டர் பதவி இன்னொருவருக்குப் போயிற்று. நல்லவர், தகுதியானவர்.

செப்டம்பரில் அந்த நாடு கைவிரித்தது. அங்கே மத்திய வங்கி டாலர் கொடுப்பதை நிறுத்தியது. டாலர் இல்லாமல் அங்குள்ள வங்கிகள் யாருக்கும் பணம் அனுப்ப முடியவில்லை. நூர்ஜஹானின் முதல் லோடுக்கு அதற்குள் பணம் வந்திருந்தது. இரண்டாவதற்கு வரவில்லை.

செய்தி வந்த மறுநாள் காலை மில்லுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. களத்தில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். புள்ளலூர் விவசாயிகள். அவர்கள் கேள்விப்பட்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வந்தது அப்படி இல்லை. அவளே ஒவ்வொருவருக்கும் போன் செய்து வரவழைத்திருந்தாள்.

நெல் காயவைக்கும் களத்தின் நடுவில் நின்றாள். பேச மேடையோ நாற்காலியோ இல்லை.

“வெளிநாட்டுப் பணம் மாட்டிக்கிச்சி. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வராமலும் போவலாம். ஒங்க மீதிப் பணம் இப்ப என்கிட்ட இல்ல. இந்தக் களத்த வித்துடப் போறேன். பொங்கலுக்குள்ள பாதி தருவேன். அப்பால மீதி, அடுத்த அறுப்புக்குள்ள. இதுல மாத்தம் இருந்தா நானே கூப்ட்டு சொல்வேன், நீங்க வந்து கேக்க வேணாம்.”

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். “இன்னாம்மா இப்டி பேஜார் பண்ற! நாங்க யாருக்குப் பதில் சொல்றது?” இன்னொருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்த மில்லுக்கு ஒரு மூட்டை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் அவரைத் தடுக்கவில்லை. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள்.

எத்தனையோ நாடுகளில், எத்தனையோ பேரிடம், ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டவள் நான். உடனே சொல்கிற ஒருவரை என் கண்ணால் பார்த்தது அன்றுதான். அவளுக்கும் போக வேறு இடம் கிடையாது. என் ஆராய்ச்சியின்படி அவள் கடைசி நாள் வரை மறைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டுரையைப் பிறகு நான் திருத்தி எழுதினேன். இன்றைக்கும் அவளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு என் பக்கம் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒனக்கு எப்ப தெரியும்?”

ஜூலையில் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

“மார்ச்சு,” என்றேன்.

விரலை மடக்கி எண்ணினாள். “மார்ச்சி. அப்ப நான் பஸ் ஸ்டாண்டுல கேட்டப்போ…”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினேதான் பாங்க்ல கேளுன்ன.”

“ஆமா.”

“வூட்டுக்குப் போ வேதா,” என்றாள். கத்தவில்லை. திரும்பி மில்லுக்குள் போய்விட்டாள்.

களத்தை விற்றாள். பொங்கலுக்குள் பாதி கொடுத்தாள். மீதியை அறுப்புக்கு முன்பே கொடுத்தாள். துண்டை உதறிவிட்டுப் போனவர் மறு வருடம் நெல் கொண்டுவந்தார் என்று கேள்விப்பட்டேன். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை. அவள் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். அதற்கு மேல் நான் அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்தேன். தலைவருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. அந்த நாட்டைப் பற்றி நல்லபடியாக எழுதிய மற்ற நிறுவனங்களில் யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நூலகத்துக்குப் போன பெரியவர் சொன்னது அப்படியே இருந்தது. அதை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. சொன்னால் பலன் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒரு விஷயம் உங்களுக்கு உறுதியாகும் நாளில், தேதியைக் குறித்து வையுங்கள். அறிக்கையில் போட முடியாவிட்டால் உங்கள் சொந்த நோட்டிலாவது. மார்ச் என்று அவளிடம் நான் சொல்லக் காரணம், என் நோட்டில் அந்தத் தேதி என் கையெழுத்தில் இருந்தது. இல்லாவிட்டால் நானே என்னை ஜூலை என்று நம்பவைத்திருப்பேன். பேட்டி கொடுத்தவர்களில் பாதிப் பேர் அப்படி நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அப்போது நினைத்தேன்.

ஓய்வு பெற்ற மறு மாதம், ஒருநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நூர்ஜஹான் செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. வேறொரு நாட்டிலிருந்து ஆர்டர் வந்திருந்தது.

“இப்ப ஒனக்குப் போறதுக்கு ஆபீசும் இல்ல, ஏர்றதுக்கு மேல எடமும் இல்ல,” என்றாள். “இப்ப சொல்லு. இந்த நாட்டுக்கு அனுப்பலாமா, வேணாமா?”

அந்த நாட்டைப் பற்றி நான் சரியாகப் படித்ததில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் வாயில் ஏதோ ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருந்தது.

“தெரியாது நூரு,” என்றேன்.

உறையை மடியில் வைத்தாள். “இத சொல்றதுக்கு ஒருத்தி ரிட்டயர் ஆவணுமாடி?”

எழுந்து சமையலறைப் பக்கம் போகப் பார்த்தேன். “எங்க போற? உக்காரு,” என்றாள். “அந்தப் பொட்டியத் தொற. ரெண்டு பேருமா பாக்கலாம்.”

மடிக்கணினியைத் திறந்து மதியம் வரை பார்த்தோம். அவள் கேட்டதில் மூன்று கேள்விகளுக்கு என்னால் விடை கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றையும் அப்படியே சொன்னேன். அவள் அந்த உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஐந்து கண்டெய்னர் கேட்டிருந்தவர்களுக்கு ஒன்று மட்டும் அனுப்புவது, பணம் வந்த பிறகு அடுத்தது என்று முடிவு செய்தது அவள்தான்.

அந்த ஒன்று போன வாரம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. இன்னும் கடலில்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அந்த நாட்டுச் செய்திகளைத் தேடிப் படிக்கிறேன். ஏதாவது கண்ணில் பட்டால், நல்லதோ கெட்டதோ, காபி போடுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்துவிடுகிறேன்.